தொட்டுப் பார்த்தேன்

உங்களிடம் ஒரு கேள்வி. அவசரமில்லை, நிதானமாகவே பதில் சொல்லுங்கள்.

யாரும் பார்க்காத ஓர் இடம். அங்கே எந்தத் தனி மனிதருக்கும் சொந்தமில்லாத ஒரு பொருள். அதை நீங்கள் உடைத்துவிடுகிறீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை. பயத்தில் கை பட்டுவிட்டது. கேஸ் இல்லை, நஷ்டஈடு இல்லை, திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. இப்போது யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பீர்கள்?

எனக்கு இந்தக் கேள்வி கடலுக்கு அடியில், ஏழடி ஆழத்தில் வந்தது.

சிரிக்காதீர்கள். காஞ்சிபுரத்துக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று என் மாமனாரே கேட்டார். நியாயம்தான். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கோயில் குளம். ஆறு என்றால் பாலாறு. அதில் ஓடுவது பெரும்பாலும் மணல் லாரி. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்து, பி.காம். படித்து, பேப்பர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த எனக்கு நீச்சல் கற்றுக்கொள்ள நேரமும் வாய்க்கவில்லை, தண்ணீரும் வாய்க்கவில்லை.

ஆனால் எனக்கு ஒரு மகள் வாய்த்திருக்கிறாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. 2023 டிசம்பர் விடுமுறைக்கு அந்தமான் போவது என்று முடிவானதுமே, "ஸ்கூபா டைவிங் போகலேன்னா நான் வரல" என்று சொல்லிவிட்டாள். போர்ட் பிளேர் (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது) போய், அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக். அதற்கும் 2018-லேயே ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றியாகிவிட்டது. டிக்கெட் விற்பவரிலிருந்து ஆட்டோக்காரர்வரை எல்லோரும் இன்னமும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆளுக்கு மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஒரு பாரம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா... உயிர் போனால் நானே பொறுப்பு என்று கையெழுத்து. எங்களை அழைத்துப்போன பயிற்சியாளர் தமிழ்ப் பையன். தாத்தா காலத்தில் அந்தமானில் குடியேறிய குடும்பமாம்.

"நீச்சல் தெரியுமாண்ணா?"

"தெரியாதுப்பா."

"பரவால்ல. தெரிஞ்சவங்கதான் கையக் கால அடிச்சு வம்பு பண்ணுவாங்க. நீங்க சும்மா இருந்தா போதும். ரெண்டு கையையும் மார்ல கட்டிக்குங்க. பெருமாள் சந்நிதியில நிக்கிற மாதிரி."

காஞ்சிபுரத்துக்காரன் என்று தெரிந்துதான் சொன்னானா, எல்லோரிடமும் சொல்வதா, தெரியவில்லை.

பிறகு சைகைப் பாடம். ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் வட்டமாகச் சேர்த்தால் 'நன்றாக இருக்கிறேன்'. கட்டை விரலை உயர்த்தினால் 'மேலே போகணும்'. உள்ளே போன ஐந்தாவது நிமிடம் என் மகள் உற்சாகத்தில் 'சூப்பர்' என்று கட்டை விரலைக் காட்ட, அவளுடன் வந்தவர் பதறிப்போய் மேலே கூட்டிக்கொண்டு போய்விட்டார். தினமும் நாலு பேராவது இப்படிச் செய்வார்களாம்.

உள்ளே என்ன பார்த்தேன்? அதை எழுத எனக்கு வார்த்தை போதாது. முதல் இரண்டு நிமிடம் பயம் மட்டும்தான். வாயால் மூச்சு விட வேண்டும். காது அடைக்கிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். அப்புறம், எப்போது என்று தெரியாமல், பயம் போய்விட்டது. கடல்சாமந்தியின் விரல்களுக்கு நடுவே அந்தச் சிறிய ஆரஞ்சு மீன். சினிமாவில் வந்த 'நீமோ' மீன்தான். கிளிமீன் ஒன்று பாறையைக் கொறிக்கிற சத்தம், நாம் முறுக்குக் கடிக்கிற மாதிரி, தெளிவாகக் கேட்கிறது. அது தின்று கழிக்கிற சுண்ணாம்புத் தூள்தான் கரையில் வெள்ளை மணலாகக் கிடக்கிறதாம். அரை மணி நேரமாக ஒரு மீனின் எச்சத்தில் உட்கார்ந்துதான் இளநீர் குடித்திருக்கிறேன்!

திரும்பி வரும்போது ஆழம் குறைந்தது. ஏழடி இருக்கும். மாஸ்க்கில் கொஞ்சம் தண்ணீர் புகுந்தது. கண் எரிந்தது. அதை வெளியேற்றும் வித்தையைக் கரையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மறந்துபோச்சு. ஆழத்தில் இருந்தபோது ஒழுங்காகக் கையைக் கட்டிக்கொண்டிருந்தவன், தரை எட்டும் தூரத்தில் தெரிந்ததும் காலை ஊன்றப் பார்த்தேன். கையை நீட்டினேன். மான்கொம்பு மாதிரி கிளை விட்டிருந்த ஒன்று கைக்குக் கிடைத்தது. பிடித்தேன். 'சடக்' என்று ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

பையன் என்னைப் பின்னாலிருந்து தூக்கிவிட்டான். முகத்துக்கு நேரே ஒரு விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினான். கரைக்கு வந்த பிறகு, "கை, அண்ணா..." என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆள் சிலிண்டரோடு காத்திருந்தார்.

யாரும் பார்க்காத இடம் என்று ஆரம்பித்தேன். அது முழு உண்மை இல்லை. பேக்கேஜில் வீடியோவும் அடக்கம். ஊருக்கு வந்ததும் என் அம்மாவுக்கு டி.வி.யில் போட்டுக் காட்டினோம். மீனைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் அந்த இடம் வந்தது. மகள் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள்.

"இங்க பாரு ஆயா, அப்பா ஒடிச்சிட்டாரு."

அம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏண்டா, அதுக்கு உசிரு உண்டா?"

உண்டு. பவளப்பாறை என்று நாம்தான் பாறை ஆக்கிவிட்டோம். அது கல் வீடு கட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்கிற சிறு உயிர்களின் காலனி. ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் சமைத்துப் போடுகிறது. பவள உயிரி தங்க இடம் கொடுக்கிறது. நிறம் பெரும்பாலும் பாசி கொடுத்ததுதான். கேஸ் இல்லை என்று மேலே எழுதினேன் அல்லவா? அதுவும் தப்பு. 2001-ல் பவளப்பாறைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை.

புலியின் வாலை ஒடித்தவன் நான் என்று தெரிந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்து சமாதானம் தேடினேன். மனித மனம் மாதிரி ஒரு வக்கீல் கிடையாது. குண்டு வகைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம் என்று படித்து அதிர்ந்தேன். நல்லவேளை, நான் ஒடித்தது கொம்பு வகை. அது வருடத்துக்குப் பல சென்டிமீட்டர் வளரும். அப்பாடா! ஒடிந்த துண்டு நல்ல இடத்தில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு புதுக் காலனியாகவே வளரும் என்றும் படித்தேன். ஏதோ நான் பவளத்துக்குக் கன்று நட்டுவிட்டு வந்தவன் மாதிரி ஒரு நிம்மதி வந்தது. வெட்கமாக இருந்தாலும் உங்களிடம் சொல்லித்தானே ஆகணும்?

ஒரு கிளைதானே என்பதுதான் என் வாதத்தின் சாரம். இங்கே என் பி.காம். குறுக்கே வந்தது.

கரீபியன் கடலில், வெனிசுலாவுக்குப் பக்கத்தில், பொனேர் என்று ஒரு குட்டித் தீவு. நெதர்லாந்துக்குச் சேர்ந்தது. கரையிலிருந்து நடந்து போய் மூழ்கினாலே பவளம் தெரியும். உலகம் முழுக்க இருந்து மூழ்க வருகிறார்கள். 1979-லேயே தீவைச் சுற்றியுள்ள கடலைப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள்: ஒரே இடத்தில் வருடத்துக்கு 4,000 முதல் 6,000 முறை வரை மூழ்கலாம், அதைத் தாண்டினால் சேதம் தெரிய ஆரம்பிக்கும். நாள் ஒன்றுக்கு வகுத்தால் பதினொன்றிலிருந்து பதினாறு. அன்று காலை ஹேவ்லாக்கில் எங்களுக்கு முன்னால் காத்திருந்தவர்களே அதற்கு மேல் இருப்பார்கள்.

இதை நாங்கள் கல்லூரியில் தேய்மானம் என்று படித்தோம். இயந்திரம் வாங்கினால் வருடா வருடம் இவ்வளவு தேயும் என்று கணக்கில் எழுத வேண்டும். எழுதாமல் லாபம் காட்டினால் அது பொய் லாபம். நான் கொடுத்த மூவாயிரத்துச் சொச்சத்தில் படகுக்கு, சிலிண்டருக்கு, பையனின் சம்பளத்துக்கு எல்லாம் பங்கு இருக்கும். அந்தக் கொம்புக்கு என்று யாராவது ஒரு ரூபாய் எழுதி வைத்திருப்பார்களா?

பொனேரில் இன்னொரு விதி. மூழ்குகிறவர்கள் கையுறை போடக் கூடாது.

முதலில் எனக்குப் புரியவில்லை. கையுறை போட்டால் நல்லதுதானே, கை அழுக்குப் படாதே? பிறகு புரிந்தது. கையுறை இருந்தால் தைரியம் வந்துவிடும். எதையும் பிடிக்கலாம், கிழிக்காது, கடிக்காது. வெறும் கையாக இருந்தால் நாமே கையை இழுத்துக்கொள்வோம். என் கை பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்புதான் அடுத்ததை உடைக்க வைக்கிறது.

என் அப்பா இதைப் படித்திருந்தால் சிரித்திருப்பார். குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்தபடியே, பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்களைப் பார்த்து அவர் சொல்லும் முதல் வார்த்தை, "பாவுல கை வைக்காத!" பாவு இழுத்துக் கட்டியிருக்கும்போது பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருக்கும். ஆயிரக்கணக்கான பட்டு இழைகள், வெளிச்சம் பட்டால் தண்ணீர் மாதிரி மினுங்கும். தடவிப் பார்க்கச் சொல்லும். ஒருநாள் பஜ்ஜி தின்ற கையோடு தடவினேன். முதுகில் விழுந்தது. அதே அப்பா, நெய்து முடித்த புடவையைக் கடையில் கொண்டுபோய் விரித்து, "தொட்டுப் பாருங்கம்மா" என்பார்! தொடாமல் பட்டு வாங்க முடியுமா? வாங்கத்தான் விடுவார்களா?

நம் பாஷையே அப்படித்தான் இருக்கிறது. தொட்டுப் பார்க்கிறோம், தின்று பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம். கண் மட்டும் பார்த்தால் நமக்குப் பார்த்த மாதிரியே இல்லை. வேடிக்கை என்னவென்றால், தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்தவர்கள், கடலடியில் சிப்பி விளையும் திட்டுகளுக்கு வைத்த பெயரே 'பார்'.

சரி, பார்க்கப் போகாமலே இருந்துவிட்டால்?

இதற்குப் பதில் சொல்ல எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார். தண்ணீருக்கு அடியில். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் படுத்திருக்கிற அத்தி வரதர். நாற்பது வருடத்துக்கு ஒருமுறைதான் வெளியே வருவார். 1939, 1979, 2019. அத்தி மரத்தில் செய்த திருமேனி. ஏன் தண்ணீரில் வைத்தார்கள் என்பதற்கு ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அதற்குள் போகவில்லை.

1979-ல் எனக்கு மூன்று மாதம். அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். பார்த்தேன், ஞாபகம் இல்லை. 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நாற்பத்தெட்டு நாள். முதலில் சயனக் கோலம், ஆகஸ்டிலிருந்து நின்ற கோலம். ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்றார்கள். நெரிசலில் உயிர் விட்டவர்களும் உண்டு. அம்மா ஐந்து மணி நேரம் வரிசையில் நின்றார். சந்நிதியில் அவருக்குக் கிடைத்தது நாலு விநாடி. "நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே, "போதும்ப்பா, பாத்துட்டேன்" என்றார்.

நானோ மூன்று முறை பார்த்தேன். பத்திரிகைக்காரன் என்ற சலுகை. ஒருமுறை செய்திக்காக. மற்ற இரண்டு முறையும் எதற்காக? எனக்குக் கிடைக்கும் என்பதற்காக. அவ்வளவுதான். எனக்குக் கிடைத்த அந்த விநாடிகள் வரிசையில் நின்ற யாரோ இரண்டு பேருடையவை என்று அப்போது தோன்றவே இல்லை.

இன்னும் சில நாள் வைத்திருங்கள் என்று கேட்டு உயர்நீதிமன்றம்வரை போனார்கள். நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆகஸ்ட் 17 இரவு மறுபடி குளத்துக்குள் போய்விட்டார். இனி 2059-ல். எனக்கு எண்பது. அம்மாவுக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. "நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்.

இப்படிச் செய்துவிட்டால் என்ன என்று ஆசையாக இருக்கிறது. பவளத் திட்டு ஒவ்வொன்றையும் நாற்பது வருடம் மூடி வையுங்கள், ஒரு மண்டலம் திறங்கள். முடிந்தது பிரச்னை.

முடியாது. ஏன் என்று தெரிய அந்தமான்வரைகூடப் போக வேண்டாம். மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே இருபத்தொரு தீவுகள். சுற்றிலும் பவளம். சுற்றுலாக்காரன் ஒருவனும் அங்கே மூழ்கிப் பார்க்காத காலத்தில், வருடக்கணக்காகப் பவளத்தை வெட்டிப் படகில் ஏற்றி, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அனுப்பினார்கள். 1986-ல் தேசியக் கடல் பூங்கா என்று அறிவித்த பிறகும் அது உடனே நிற்கவில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயே போய்விட்டன. அலையைத் தடுக்கச் சுவர் இல்லாமல் போனதால் தீவு கரைந்துவிட்டது. உங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர்கள் தெரியும்? எனக்கே இதை எழுதத் தேடும்போதுதான் தெரிந்தது.

ஆக, பார்க்காமல் இருப்பதாலேயே எதுவும் பிழைத்துவிடுவதில்லை. அத்தி வரதர் குளத்துக்குள் இருக்கும்போதும் ஊர் முழுக்க அவரை நினைத்துக்கொண்டிருக்கிறது. விலாங்குசல்லியை நினைக்க ஊர் இல்லை. அந்தமான் பையன் இதைத்தான் வேறு மாதிரி சொன்னான்: "அண்ணா, ஒருவாட்டி பாத்தவங்க அப்புறம் மறக்க மாட்டாங்க. டூரிஸ்ட் வரலேன்னா இதப்பத்திப் பேச யார் இருக்கா?" அவன் பிழைப்பும் அதில் இருக்கிறது என்பதற்காக அவன் சொன்னது பொய்யாகிவிடாது. ஆனால் இந்த வாதத்தை நான் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நாறுகிறது. என் கையில் ஒடிந்த கொம்பு இருக்கிறதே!

கடைசியாக இன்னொரு சமாதானமும் கிடைத்தது. மிகப் பெரியது. கடல் சூடாகிக்கொண்டு வருகிறது. சூடு தாங்காமல் பவள உயிரி தன் பாசியை வெளியே துப்பிவிட்டு வெளுத்துப்போகிறது. உலகம் தழுவிய நான்காவது வெளுப்பு நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அடுத்த வருடம் வந்த கணக்குப்படி, உலகப் பவளப் பரப்பில் 84 சதவிகிதத்தை, வெளுக்க வைக்கும் அளவுக்கு வெப்பம் தாக்கியிருக்கிறது. 2023 கோடையின் சூடு கரீபியனை வறுத்தெடுத்தது. அந்தக் கடலுக்கு நீங்கள் கையுறை போட்டீர்களா, வெறும் கையா என்பதெல்லாம் தெரியாது.

படித்ததும் ஒரு விநாடி எனக்கு லேசாக இருந்தது. அடடா, எல்லாமே போகப்போகிறது. இதில் என் ஒரு கிளை எம்மாத்திரம்? அடுத்த விநாடி சுரீர் என்றது. காஞ்சிபுரத்தில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, விமானம் ஏறிப் போய் இறங்கி, அந்தச் சூட்டிலும் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கைக் காட்டி இந்தப் பங்கைக் கழிக்கப் பார்க்கிறேன். கடன்காரன் ஒருவன், 'பேங்க்கில் பெரிய கடன் இருக்கு, அதனால உங்க கைமாத்தைத் தர முடியாது' என்று சொல்வது மாதிரி. பெரிய கடனுக்குக் கோடிக்கணக்கில் கூட்டாளிகள் இருக்கிறார்கள். கைமாற்று வாங்கிய கை என்னுடையது மட்டும்தான்.

அம்மாவிடம், "உசிரு உண்டும்மா" என்று சொன்னேன். "அப்ப ஏன் புடிச்ச?" என்று கேட்கவில்லை. "பயந்துட்டியா?" என்றுதான் கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்று இன்னும் சொல்லவில்லை. அந்தமானிலிருந்து வந்த மறுநாளே வீடியோவைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் அனுப்பினேன். ஏகப்பட்ட பாராட்டு. மாமனார்கூடக் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார். அதில் கடைசிப் பகுதி இல்லை. நான் ஒடிக்கிற அந்தச் சில விநாடிகளை நானே உட்கார்ந்து வெட்டி எடுத்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தேன்.

என் போனில் இப்போது இருப்பது அந்த வெட்டிய வீடியோதான். முழுசாக இருப்பது மகளிடம். அடுத்த லீவுக்கு மறுபடியும் போகணும் என்கிறாள். "நீ கரையில உட்காரு, நான் மட்டும் இறங்கறேன்" என்று வேறு சொல்லியிருக்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.